தனித்தனியாக எழுதி ஒட்டியது

ஜூன் 2

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால், நன்றி.

நாம் படித்த துறைக்கு இந்த ஆண்டு ஐம்பது வயது நிறைகிறது. குற்றவியலையும் உளவியலையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம் என்று அவர்கள் முதன்முதலில் அறிவித்தபோது, அதை நம்பிச் சேர்ந்தவர்கள் நாம் ஒன்பது பேர். செப்டம்பரில் விழா. ஒரு மலரும் வெளியிடுகிறார்கள். முதல் அணியைப் பற்றிய கட்டுரையை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது பேரில் இன்று இருப்பவர்கள் நால்வர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் மலரில் தன் படம் எவ்வளவு பெரிதாக வரும் என்று மட்டும் விசாரித்தார். எனவே தகவல்களைச் சரிபார்க்க நீங்கள் ஒருவர்தான் எஞ்சியிருக்கிறீர்கள்.

முதல் மாதத்தில் ஒருநாள் வகுப்பின் நடுவே பச்சைச் சட்டை அணிந்த ஒருவன் பாய்ந்து வந்து, பேராசிரியரின் மேசையிலிருந்த குடையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அது ஏற்பாடு செய்யப்பட்ட சோதனை என்று பிறகு தெரிந்தது. குடைதான் என்பதை உறுதி செய்யவும். உளவியல் ஆய்வகத்திலிருந்து குற்றவியல் வகுப்புக்கு ஏறும் படிகள் அறுபத்து நான்கு என்று எழுதியிருக்கிறேன். சரியா? மூன்றாவதாக, நாம் இருவரும் பெண்கள் சிறைக்கு எத்தனை வியாழக்கிழமைகள் சென்றோம்? இதற்கு எண்ணிக்கை மட்டும் போதும்.

உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் தொலைபேசி எண்ணை என் மகன் தேடிக் கொடுத்தான். நான் அழைக்கப் போவதில்லை. பேச்சில் சொன்னதை இருவரும் இரண்டு விதமாக நினைவில் வைத்துக்கொள்வோம். இதை நாம் பாடமாகவே படித்திருக்கிறோம்.

எழுத்து சற்று நடுங்கியிருந்தால் அது கையின் குறை, பேனாவின் குறை அல்ல. கான்வென்ட் பள்ளியில் கட்டுரைக்காக சிஸ்டர் கையால் நான் பரிசு வாங்கிய அதே மெரூன் பேனாதான். இன்றும் ஒரு சொட்டு கசியாது.

இப்படிக்கு,
(கையொப்பம்)


ஜூன் 11

அடியே மதர்,

மதிப்புக்குரிய அம்மையார் என்று ஒருத்தி இந்தக் கடையில் இருக்கிறாளா என்று மேசைக்கு அடியில்கூடத் தேடிப் பார்த்துவிட்டேன். இருப்பது நானும் என் மருமகளும்தான். உறையைக் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு அத்தை, வக்கீல் நோட்டீஸா?" என்றாள். "அதைவிடப் பெரிசும்மா. என்கூடப் படிச்சவ" என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வாடிக்கையாளர்களை அவளே பார்த்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டு வருடம் கழித்து எழுதுகிறாய், அதிலும் மூன்று கேள்வி. விடுதி முழுக்க உன்னை மதர் என்று கூப்பிட்டதில் தப்பே இல்லை.

குடையா? அது அலாரக் கடிகாரம்டி! தூக்கிக்கொண்டு ஓடும்போதே அது மணியடிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தானே முன் வரிசையே அலறியது. குடை எங்கேயாவது மணியடிக்குமா? சட்டையும் பச்சை இல்லை. அதை விடு. ஓடினவர் யார் என்பதை மறந்துவிட்டாயே! தினமும் காலையில் நமக்கு வருகைப் பதிவேட்டை நீட்டுகிற அதே அலுவலக உதவியாளர். நம்மில் ஒருத்தருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. நீ எழுதிக் கொடுத்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "ஆறடி உயரம். கொடூரமான முகம்." பாவம், அந்த மனிதர் என் தோளுக்குத்தான் வருவார். அந்த மாதம் முழுக்க, "கொடூர முகம் வந்திருக்கேன்மா, கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லித்தான் உன்னிடம் பதிவேட்டைக் கொடுத்தார்.

படிகளை எண்ணினவள் நீ. நான் இரண்டிரண்டாகத் தாவினவள். அறுபத்து நான்கு என்றால் எனக்கு முப்பத்திரண்டு.

வியாழக்கிழமைகள் ஆறு. ஏழாவது வியாழக்கிழமை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று கட்டுரை எழுதுகிறவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

உன் பேனாவைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

பம்பரம்


ஜூன் 20

பம்பரத்துக்கு,

அது குடைதான். கறுப்புக் குடை, வளைந்த மரப் பிடி. மணியடித்தது வகுப்பு முடியும் மணி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன் என்று எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடந்ததை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. என் மகன் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லையாம்.

கட்டுரையை எழுத உட்கார்ந்தால், மலருக்குத் தேவையானதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வருகிறது. கைரேகைப் பயிற்சி முடிந்து கறுத்த விரல்களோடு உணவுக் கூடத்துக்குப் போவோம். எதிரில் இருக்கும் கணித மாணவிகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்கு மாறுவார்கள். காலடித் தடம் எடுக்கக் கரைத்த சுண்ண மாவு உன் பாவாடையில் இறுகிப்போய், நீ பலகை போல் நடந்து வந்தாய். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையில் எல்லோருக்கும் கை எதிர்த்திசையில் போகும், உனக்கு மட்டும் முதல் முறையிலேயே நேராக வந்தது. "ஏற்கெனவே தலைகீழா இருக்கிற பொண்ணு" என்று பேராசிரியர் குறிப்பேட்டில் எழுதினார்.

பேராசிரியர். அவருக்கு நாம் வைத்த பெயர் தனித்தனி சார். யாரையாவது நேர்காணல் செய்துவிட்டு வெளியே வந்தால், ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசக்கூடாது. முதலில் தனித்தனியாக உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். "எது முக்கியம்னு நீங்க தீர்மானிக்காதீங்க. ஈ பறந்தாலும் எழுதுங்க. தனித்தனியா எழுதுங்க!" எழுதியதை உறையில் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வாய் திறக்கலாம். இருவரும் அவர் முன்னால் சேர்ந்து உட்கார்ந்தால்தான் உறை பிரியும். உனக்கு அந்தக் கால் மணி நேர மௌனம்தான் படிப்பிலேயே கடினமான பாடம்.

பிறகு என் பணியில் முப்பத்தோரு ஆண்டுகள், நன்னடத்தை அலுவலராக நூற்றுக்கணக்கானவர்களின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து முதலில் எழுதினேன். பேசியது பிறகுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் கணவர் இறந்த வாரத்தில், பெயரில்லாமல் ஓர் அட்டை வந்தது. "அவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார், உன்னோடு இருந்தாரே" என்று ஒரு வரி. கையெழுத்து ஆய்வை நாம் இருவரும் ஒரே மேசையில்தான் படித்தோம். அப்போதே நன்றி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

கட்டுரையில் சிறை ஆய்வைப் பற்றி ஒரு பத்தி வரும். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு நாம் கொடுத்த வாக்கையும், அது என்ன ஆயிற்று என்பதையும் எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். உன் நலனுக்காக.

அன்புடன்


ஜூலை 1

என் நலனுக்காகவா?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. இரண்டு வாடிக்கையாளருக்கு இடக்கண் எண்ணை வலக்கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மருமகள்தான் பிடித்தாள். அதனால் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள்.

ஆறாவது வியாழக்கிழமை. தையல் கூடத்துக்குப் பக்கத்து அறை. கழுத்தில் அளவு நாடாவோடு அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். தான் வேலை பார்த்த துணிக் கிடங்குக்குத் தீ வைத்ததாக ஒப்புக்கொண்டு நான்கு வருடமாக உள்ளே இருந்தவள். நீ கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "நான் வைக்கலைம்மா. என் தம்பி வெச்சான். அவனுக்கு அப்பப் பத்தொம்பது வயசு." வெளியே சொல்லக்கூடாது என்று நம் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். சொல்லமாட்டோம் என்றோம். நீயும் சொன்னாய், நானும் சொன்னேன்.

ஐந்தாம் நாள் தம்பியைப் பிடித்துவிட்டார்கள். ஏழாவது வியாழக்கிழமை நாம் போனபோது, யாரையும் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினாள். வெளியூர் போயிருந்த தனித்தனி சார் மறுநாள் வந்தார். நம்மைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "யார் சொன்னது?" என்று ஒரே கேள்வி.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நான் இல்லை."

இரண்டே சொல். அவள் சொன்னதைக் கேட்டது இரண்டே பேர். நீ இல்லை என்றால் வேறு யாருடி? என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீ. முதுகு நேராக, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கான்வென்ட் பிள்ளை மாதிரி.

மறுநாள் நான் பெட்டியைக் கட்டினேன். நீ அறையில் இருந்தாய். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். அப்பாவின் கடைக்கு வந்தேன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அந்த ஆய்வு நூலகத்தில் ஒரே பெயரோடு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆறு வியாழக்கிழமை என் கையெழுத்திலும் குறிப்பு இருந்ததே, அதெல்லாம் எங்கே போயிற்று?

இன்னொன்று. அந்த ஆறாவது வியாழக்கிழமை எழுதி முடித்து உறையை ஒட்டிய பிறகு, நீ சிறைக் கண்காணிப்பாளர் அறைக்குள் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன். நான் அதைச் சாரிடம் சொல்லவில்லை. என் வாயை நான் கட்டிப்போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.


ஜூலை 8

உன் கடிதம் கிடைத்தது.

கண்காணிப்பாளர் அறைக்கு நான் சென்றது நம் இருவரின் அனுமதிச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்க. நீ ஒருநாளும் கொடுத்ததில்லை, எப்போதும் நான்தான் கொடுப்பேன். அவர் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது நீ வாசல் காவல் பெண்ணிடம் நின்று அழுதுகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் நிறுத்தினாய். அதை நானும் சாரிடம் சொல்லவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். நான் இல்லை என்பது உண்மை. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்?

ஆய்வை ஒரே பெயரில் சமர்ப்பித்தது, பாதியில் சென்றவரின் பெயரைப் போட விதி இடம் தராததால். விதியை நான் எழுதவில்லை.

உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மனம் இளகி, நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லியிருப்பாய். சொன்னேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் மறந்துவிடத் தயாராக இருக்கிறேன்.


ஜூலை 19

மதர்,

மறந்துவிடத் தயாராம்! கடையில் வைத்து உரக்கப் படித்தேன். என் வீட்டுக்காரருக்கு நீ யாரென்று தெரியும், ஆனால் உன் கடிதத்தைக் கேட்டது இதுதான் முதல் தடவை. "இவங்க கோர்ட்டுல இருந்தாங்களா?" என்று கேட்டார். "இல்லை, என் அறையில இருந்தாங்க" என்றேன்.

கோபமாக நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. உன்னிடம் சொல்லாமல் பதினேழு வருடமாக வைத்திருந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

தனித்தனி சார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்ற நம் கடைக்குத்தான் வருவார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், "தெரியறதை மட்டும் சொல்றேன், யூகிக்கமாட்டேன்" என்பார். அவர் காலமான பிறகு அவருடைய மகள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இரண்டு உறைகள். ஆறாவது வியாழக்கிழமை நாம் எழுதி ஒட்டியவை. அவர் வெளியூர் போயிருந்ததால் அந்த வாரம் பிரிக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்ட அன்று பேச்சு உறை வரை போகவே இல்லை, பிறகு நாம் இருவரும் சேர்ந்து உட்காரவே இல்லை. அவர் விதியை அவர் மீறவில்லை, அவ்வளவுதான். மேலே பென்சிலில் எழுதியிருக்கிறார்: "இரண்டு பேரும் இருந்தால் மட்டும்."

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பாய். நீ எழுதியதைப் பார்க்கப் பயமில்லை. நான் எழுதியதைப் பார்க்கத்தான் பயம். வாசலில் காவல் பெண்ணிடம் அழுதேனே, தண்ணீர்தான் கேட்டேன் என்று நினைவு. ஆனால் அழுகிறவள் என்னென்ன உளறுவாள் என்று யாருக்குத் தெரியும்? நீ இல்லை என்பதில் நீ இவ்வளவு உறுதியாக இருக்கிறாய். நான் இல்லை என்பதில் நான் ஒருநாளும் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. தாளை எழுதும்போதே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்திருந்தால், அது அதில் இருக்கும். ஈ பறந்தாலும் எழுதச் சொன்னாரே.

நீ ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு வர முடியாது, நீயும் கூப்பிட்டால் வரமாட்டாய். அதனால் இப்படிச் செய்வோம். என் தாள் இருக்கும் உறையை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். உன்னுடையது என்னிடம் இருக்கட்டும். ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு இருவரும் பிரிப்போம். அவரவர் கையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்ப்போம். தனித்தனியாக.

நான் சொன்னேன் என்று அதில் இருந்தால் ஒரு வரி எழுதிவிடு. தாங்கிக்கொள்வேன்.

பம்பரம்


ஆகஸ்ட் 2

பம்பரம்,

பத்து மணிக்குப் பிரித்தேன். பசை காய்ந்து தூளாகிவிட்டது, கத்தி தேவைப்படவில்லை. உன் எழுத்து அன்றும் வரியை விட்டு மேலே ஏறித்தான் போகிறது. கடைசிப் பத்தியை மாற்றாமல் எழுதுகிறேன்:

"தம்பி பெயரைச் சொன்னபோது அவள் குரல் மாறவில்லை, எங்களுக்குத்தான் மாறியது. யாரிடமும் சொல்லமாட்டோம் என்று இருவரும் சொன்னோம். நான் மனசாரச் சொன்னேன். மதர் மனசாரச் சொன்னாளா என்று பார்த்தேன், அவள் கண் கலங்கியிருந்தது, அவள் அதை எழுதமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். கிளம்பும்போது அந்தப் பெண் சிரித்தாள். நாளைக்கு மேடத்துக்குக் கோட்டு அளவு எடுக்கணும், அரை மணி நேரம் அவங்க மட்டும்தான் இருப்பாங்க என்றாள். உங்ககிட்ட சொன்னதுல வாய் பழகிடுச்சு என்றாள். மணி நாலு பத்து. பஸ் போய்விடும்."

இதை நான்கு முறை படித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து ஐந்தாம் முறை படித்தேன்.

மேடம் என்று அவர்கள் அழைத்தது கண்காணிப்பாளரை. அவளே சொல்லியிருக்கிறாள். மறுநாள், அரை மணி நேரத் தனிமையில், அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு. அதற்கு முன் தன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று நம்மிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிறகு யாரையும் பார்க்க விரும்பாதது நம் மேல் கோபத்தால் அல்ல. தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் யார் முகத்தைப் பார்ப்பாள்?

முப்பத்தோரு ஆண்டுகளில் இதை நான் எத்தனை பேரிடம் கண்டிருக்கிறேன்! கனமான ஒன்றை உரியவரிடம் சொல்வதற்கு முன் மனிதர்கள் யாரோ ஓர் அந்நியரிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்கள். புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்கு நானே இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவளை மட்டும் நான் ஒருமுறைகூட அந்த வெளிச்சத்தில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. குற்றவாளி யார் என்பதை நான் இருபத்திரண்டு வயதிலேயே தீர்மானித்துவிட்டேன்.

நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாரின் அறையில் நான் சொல்லியிருக்க வேண்டியது "எங்களில் யாரும் இல்லை" என்பது. உன்னைத் தெரிந்தவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நீ பெட்டி கட்டியபோது ஜன்னலைப் பார்த்தேன் என்கிறாய். வெளியே ஒன்றும் இருக்கவில்லை. திரும்பினால் "போகாதே" என்று சொல்லிவிடுவேன் என்று பயம்.

மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வராது, பழக்கமில்லை. கேட்கிறேன்.

துறைக்கு இன்றே எழுதியிருக்கிறேன். ஆய்வின் அட்டையில் இரண்டு பெயர் வர வேண்டும் என்றும், அதுவரை என் கட்டுரை வராது என்றும்.

தபால் பெட்டி பதினொன்றரைக்குத் திறப்பார்கள். விதிப்படி இதை உடனே சேர்க்கிறேன்.


ஆகஸ்ட் 2

அடியே மதர்,

பத்து மணிக்குக் கடைக் கதவில் "மூடியிருக்கிறது" பலகையைத் திருப்பி மாட்டினேன். மருமகள், "நானும் இருக்கலாமா அத்தை?" என்றாள். "விதி இடம் தராது" என்றேன். உன் குரலில் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது.

உன் தாள் அச்சடித்த மாதிரி இருக்கிறது. மேலே தேதி, நேரம், அறையின் நீள அகலம். ஜன்னலில் எத்தனை கம்பி என்றுகூட எழுதியிருக்கிறாய். கடைசிப் பகுதி இது:

"மேற்கண்டதை வெளியிடுவதில்லை என்று இருவரும் உறுதியளித்தோம். 4.08: நாளை கண்காணிப்பாளருக்குக் கோட்டு அளவு எடுக்க இருப்பதாகவும், அரை மணி நேரம் அவருடன் தனியே இருக்கப் போவதாகவும் அப்பெண் கூறினார். ஆய்வுக்குத் தொடர்பில்லை. 4.10: விடைபெற்றோம். குறிப்பு: ஏழாம் வரியிலிருந்து மையின் நிறம் மாறுகிறது. என் கறுப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. தோழி தன்னுடைய மெரூன் பேனாவைப் பேசாமல் நீட்டினாள். அதனால் எழுதுகிறேன். திருப்பித் தர வேண்டும்."

"ஆய்வுக்குத் தொடர்பில்லை!" முதலில் சிரித்தேன், பிறகு கடை நடுவில் நின்று அழுதேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்து, "யாரு செத்துட்டாங்க?" என்றார். "யாரும் சாகலை, ரெண்டு பேர் பொழச்சிட்டோம்" என்றேன். நானும் அந்தக் கோட்டு வரியை எழுதியிருக்கிறேனா? அது உன் கையில் இருக்கிறது, நீதான் சொல்ல வேண்டும். எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை, நீ எழுதியிருக்கிறாய். உன் தாளில் இருந்தால் அது நடந்தது. அதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அப்புறம் அந்தப் பேனா. பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. நீ திருப்பித் தரவே இல்லை. உன் முதல் கடிதத்தில் சிஸ்டர் கையால் வாங்கியது என்று படித்ததும் கத்தலாம் என்று இருந்தேன். போகட்டும், ஒருவேளை நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்று விட்டுவிட்டேன். இப்போது உன் கையெழுத்திலேயே இருக்கிறது. மூடியின் முனையைப் பார். நான் யோசிக்கும்போது என்ன செய்வேன் என்று உனக்கு மறந்திருக்காது.

பம்பரம்


ஆகஸ்ட் 10

என் அன்புப் பம்பரம்,

இந்தக் கடிதம் என் மகனின் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்படுகிறது. எழுத்தின் அழகின்மைக்கு அதுவே காரணம்.

உன் கடிதம் வந்ததும் மெரூன் பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். மூடியின் முனையில் ஐந்து சிறு பள்ளங்கள். மேலே மூன்று, கீழே இரண்டு. கீழே விழுந்து நசுங்கியவை என்று இத்தனை ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பல் தடத்தைப் பற்றி நாம் ஒரு முழுப் பருவம் படித்தோம். உன் கீழ்வரிசையில் இரண்டு பல்லுக்கு நடுவே இருந்த இடைவெளிகூட அதில் அப்படியே தெரிகிறது. பேனாவை வாயில் வைத்ததற்காக முதல் வகுப்பிலேயே கையில் அடி வாங்கியவள் நான். அதற்குப் பிறகு என் வாழ்நாளில் எதையும் கடித்ததில்லை. தினமும் என் விரலுக்குள் இருந்த சான்று அது. என் பணியில் நான் எழுதிய ஒவ்வோர் அறிக்கையும், என் திருமணப் பதிவில் இட்ட கையெழுத்தும், என் கணவரின் மரணச் செய்தியை உறவினர்களுக்கு அறிவித்த கடிதங்களும் உன் அப்பாவின் பேனாவால் எழுதப்பட்டவை. உன்னைப் பற்றி மனதுக்குள் நான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்ததும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சிஸ்டர் எனக்குக் கொடுத்த பேனா கறுப்பு. அந்தத் தாளில் நானே எழுதியிருக்கிறேன், ஆகவே நம்புகிறேன். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

துறையிலிருந்து பதில் வந்துவிட்டது. அட்டையைத் திருத்துகிறார்கள். கட்டுரையில் உன்னைப் பற்றி எழுதிய பத்தியில் நீ எதையும் மாற்றக்கூடாது. உன் குணத்தைப் பற்றிய விவரங்கள் அதில் சரியாக உள்ளன. குடை குடையாகவே அச்சேறுகிறது. அடிக்குறிப்பில், "மற்றொரு சாட்சி இதை அலாரக் கடிகாரம் என்கிறார்" என்று சேர்த்திருக்கிறேன். இதற்கு மேல் இறங்கி வர என்னால் முடியாது.

விழாவுக்கு என்னோடு வா. உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா. காது கேட்காதவர், படம் பெரிதாக வேண்டியவர், நாம் இருவர், நால்வரும் முன் வரிசையில் உட்காருவோம். அறுபத்து நான்கு படிகளையும் ஏற இப்போது எனக்கு மூச்சு போதாது. முப்பத்திரண்டில் நிற்கலாம்.

பேனாவை அஞ்சலில் அனுப்பமாட்டேன். சான்றுப் பொருளை நேரில் ஒப்படைக்க வேண்டும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும் என்று தனித்தனி சார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். கண் பரிசோதனைக்கு ஒருவர் வருவதாக உன் மருமகளிடம் குறித்து வைக்கச் சொல். உண்மையிலேயே என் கண்ணாடியின் எண் மாறியிருக்கும். சில காலமாக எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒப்படைப்புத் தாளை நான் எழுதி எடுத்து வருகிறேன். நீ ஒன்றும் தயார் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட உன் பேனா இருக்கிறது.

மதர்